பறக்கும் ஹம்மிங் பறவைக்குப் பிளாஷ்: திருகோணமலைத் தேன்சிட்டில் பழகலாமா?

உவர்மலைவாசி எழுதியது:

வணக்கம். வரும் யூன் மாதம் ரொறன்ரோவில் மகள் வீட்டுக்குப் போகவிருக்கிறேன். அவர்களுடைய பின்வளவில் தொங்கும் சீனித்தண்ணீர்க் குவளைக்கு ஹம்மிங் பறவைகள் நாள்தோறும் வருகின்றன. மகள் கைத்தொலைபேசியில் எடுத்து அனுப்பும் படங்களில் உடலும் அலகும் தெளிவாக இருக்கின்றன. சிறகு இருக்கவேண்டிய இடத்தில் மங்கிய ஒரு படலந்தான் தெரிகிறது. பறவை அந்தரத்தில் நிற்கும்போதே, சிறகின் இறகுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியும்படி ஒரு படம் எடுக்கவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

என்னிடம் நிக்கொன் டி750 கமராவும், 300 மில்லிமீற்றர் எஃப்/4 லென்ஸும், பழைய எஸ்பி-800 பிளாஷ் ஒன்றும் உள்ளன. கமராவின் ஆகக்கூடிய ஷட்டர் வேகம் 1/4000 செக்கன். அதுவே போதுமா, அல்லது பிளாஷ் கட்டாயமா? பிளாஷ் என்றால் எத்தனை வேண்டும்? போவதற்கு முன் இங்கே முருங்கைப் பூவுக்கு வரும் தேன்சிட்டுகளை வைத்துப் பழகிப் பார்க்கலாமா? அறிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

வெளிச்சவீடு எழுதியது:

ஐயா, முதலில் கணக்கைப் பார்ப்போம். ரொறன்ரோவுக்கு வருவது செங்கழுத்து ஹம்மிங் பறவை. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கூடுகட்டும் ஹம்மிங் பறவை இனம் அது ஒன்றுதான். அந்தரத்தில் நிற்கும்போது அது செக்கனுக்கு ஏறத்தாழ 50 தடவை சிறகடிக்கும். சிறகின் நீளம் நாலரை சென்ரிமீற்றர் என்றும், ஒவ்வொரு வீச்சிலும் அது 140 பாகை அளவு திரும்புகிறது என்றும் வைத்துக்கொண்டால், சிறகின் நுனி ஒரு வீச்சில் 11 சென்ரிமீற்றர் தூரம் போகிறது. முன்னும் பின்னுமாகச் செக்கனுக்கு 100 வீச்சு என்பதால், நுனியின் சராசரி வேகம் செக்கனுக்கு 11 மீற்றர். வீச்சின் நடுப்பகுதியில் அது இன்னும் கூடும். 1/4000 செக்கனில் அந்த நுனி கிட்டத்தட்ட 3 மில்லிமீற்றர் நகர்ந்துவிடும் என்றால், இறகின் விளிம்பு எப்படிக் கூர்மையாக விழும்? நகர்வை அரை மில்லிமீற்றர் அளவுக்குள் அடக்க 1/20000 செக்கன் அளவான நேரம் வேண்டும்.

அந்த நேரத்தை டி750 இன் ஷட்டரால் தரமுடியாது. உங்கள் எஸ்பி-800 தரும். சிறிய பிளாஷ்களில் வலுவைக் குறைப்பது என்றால் வெளிச்சத்தின் உச்சத்தைக் குறைப்பதல்ல. ஒளிரத் தொடங்கிய குழாயை இடையிலேயே வெட்டி நிறுத்துவதுதான். ஆகையால் வலு குறையக் குறைய ஒளிரும் நேரமும் சுருங்குகிறது. எஸ்பி-800 இன் கைந்நூலில் அந்த அட்டவணை இருக்கிறது: முழு வலுவில் 1/1050 செக்கன், 1/4 வலுவில் 1/2700, 1/8 இல் 1/5900, 1/16 இல் 1/10900, 1/32 இல் 1/17800, 1/64 இல் 1/32300, 1/128 இல் 1/41600. இருட்டான ஒரு சட்டகத்துக்குள் 1/17800 செக்கன் மட்டுமே வெளிச்சம் விழுந்தால், ஷட்டர் 1/200 செக்கன் திறந்திருந்தாலும் படம் 1/17800 செக்கனில் எடுத்த படந்தான். சிறகை உறையச் செய்வது ஷட்டர் அல்ல, பிளாஷ். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மிச்சமெல்லாம் இதிலிருந்தே வரும்.

இது புதிய உத்தியும் அல்ல. மாசச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் ஹரல்ட் எட்ஜர்டன் 1930களிலேயே தாம் உருவாக்கிய மின்பிளாஷைக் கொண்டு ஹம்மிங் பறவைகளை எடுத்திருக்கிறார். அவருக்குப் பின் அந்த வழியில் தென்னமெரிக்கா வரை போய் எடுத்தவர் குரோஃபோர்ட் கிரீனவோல்ட். டூபொண்ட் நிறுவனத்தின் தலைவராக இருந்துகொண்டே அதைச் செய்தார் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

கலியாணக்கமரா எழுதியது:

வெளிச்சவீடு அண்ணா சொல்வது எனக்குப் பாதி விளங்குகிறது, பாதி இடிக்கிறது. என்னுடைய கலையகத்தில் குடை பூட்டிய பெரிய பிளாஷ்கள் இரண்டு இருக்கின்றன. வலுவைக் குறைத்தால் நேரம் சுருங்கும் என்றால், அவற்றை ஆகக் குறைந்த வலுவில் வைத்து எடுத்தபோது மேசை விசிறியின் இதழ்கள் ஏன் இழுபட்டுத் தெரிந்தன? முழு வலுவில் எடுத்தபோது கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்தது. இன்னொன்று, இப்போது வரும் பிளாஷ்களில் அதிவேக ஒத்திசைவு என்ற வசதி உண்டு. அதைப் போட்டால் 1/4000 செக்கனிலும் பிளாஷ் அடிக்கிறது. கடற்கரையில் மாப்பிள்ளை பொம்பிளையை நடுப்பகலில் எடுக்க எனக்கு அதுதான் கை கொடுக்கிறது. ஐயாவுக்கும் அது உதவாதா?

வெளிச்சவீடு எழுதியது:

தம்பி, உங்கள் விசிறி சொன்னது சரியானதுதான். கலையகப் பிளாஷ்களில் பல, மின்தேக்கியில் ஏற்றும் வோல்ற்றளவைக் குறைத்து வலுவைக் குறைக்கின்றன. வோல்ற்றளவு குறைந்தால் குழாயினூடாகப் பாயும் மின்னோட்டமும் குறைந்து, ஒளி மெதுவாக ஏறி மெதுவாக இறங்குகிறது. அதாவது வலு குறையக் குறைய நேரம் நீளுகிறது. சிறிய பிளாஷ் செய்வதற்கு நேர் எதிர். குழாயை வெட்டி நிறுத்தும் வகையைச் சேர்ந்த கலையகப் பிளாஷ்களும் இப்போது உண்டு, ஆனால் பழைய மலிவானவற்றில் அது இராது. ஹம்மிங் பறவைக்குப் பெரிய பிளாஷ் ஒன்றைவிடச் சிறியவை நாலு மேல் என்று சொல்வதன் காரணம் இதுவே.

கைந்நூலில் தரும் நேரத்தையும் கொஞ்சம் கவனித்து வாசிக்கவேண்டும். வழக்கமாகத் தருவது, ஒளி உச்சத்தின் பாதிக்கு மேல் நிற்கும் நேரம். அதற்குப் பிறகு மெதுவாக அணையும் வால் அந்தக் கணக்கில் சேராது. முழு வலுவில் அந்த வால் நீளமானது. பத்தில் ஒரு பங்குக்கு இறங்கும் வரை அளந்தால் மும்மடங்கு அளவு வரும். குறைந்த வலுவில் குழாயை வெட்டிவிடுவதால் வால் கிடையாது. ஆகவே 1/32 வலுவின் எண்ணை ஏறத்தாழ அப்படியே நம்பலாம், முழு வலுவின் எண்ணை நம்பக்கூடாது.

அதிவேக ஒத்திசைவு இந்த வேலைக்கு ஆகாது. 1/200 செக்கனுக்கு மேல் போனால் டி750 இன் ஷட்டர் ஒருபோதும் முழுதாகத் திறந்திருப்பதில்லை. ஒரு பிளவு மட்டுமே சென்சரைக் கடந்து போகிறது. அந்தப் பிளவு கடக்கும் நேரம் முழுவதும் பிளாஷ் விட்டுவிட்டுத் துடித்து, தொடர்ச்சியான ஒரு விளக்காகவே வேலை செய்கிறது. அப்போது சிறகை நிறுத்தவேண்டியது மறுபடியும் ஷட்டர். நாம் புறப்பட்ட 3 மில்லிமீற்றருக்கே திரும்பி வருகிறோம். அதோடு வலுவிலும் பெரும்பகுதி வீணாகிறது. மணமக்கள் செக்கனுக்கு 100 வீச்சுச் சிறகடிப்பதில்லை என்பதால் உங்களுக்கு அது பொருந்துகிறது. 2023 இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 மூன்றாம் பதிப்பில் சென்சர் முழுவதும் ஒரே கணத்தில் வாசிக்கப்படுவதால் 1/80000 செக்கன் வரை பிளாஷ் ஒத்திசைகிறது. அதன் விலையைப் பார்த்தபின் நான் மறுபடி 1/32 வலுவுக்கே வந்துவிட்டேன்.

உவர்மலைவாசி ஐயா, பறவையைத் தேடுவதற்கு முன் நீங்களும் மேசை விசிறியை எடுத்து வையுங்கள். பதினாறு அங்குல விசிறி உச்ச வேகத்தில் நிமிடத்துக்கு 1200 சுற்றுச் சுற்றினால், இதழின் நுனி செக்கனுக்கு 25 மீற்றர் வேகத்தில் போகும். இது சிறகு நுனியின் சராசரி வேகத்தைவிட இருமடங்குக்கு மேல். இதழின் நுனியில் எழுத்துப் பதித்த கடதாசித் துண்டு ஒன்றை இறுக ஒட்டி, அறையை இருட்டாக்கி, ஒவ்வொரு வலுவிலும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். எழுத்தை வாசிக்க முடிகிற வலு எதுவோ, அதற்கு மேல் பறவைக்குப் போகவேண்டியதில்லை.

மழைக்குருவி எழுதியது:

கேள்வியின் கடைசிப் பகுதிக்கு நான் பதில் எழுதுகிறேன். தேன்சிட்டு நம் ஊரின் ஹம்மிங் பறவை என்று பலர் சொல்வார்கள். ஆனால் இரண்டும் வேறு வேறு குடும்பங்கள், ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே எங்கும் இல்லை. படம் எடுப்பவருக்கு முக்கியமான வேறுபாடு பறப்பில் இருக்கிறது. ஹம்மிங் பறவையின் சிறகு தோளிலிருந்து திரும்பி, படுத்த எட்டு வடிவத்தில் வீசுகிறது. கீழ்வீச்சில் மட்டுமன்றி மேல்வீச்சிலும் அது உடலைத் தாங்குகிறது. தாங்குவிசையில் ஏறத்தாழ கால்பங்கு மேல்வீச்சிலிருந்து வருவதாக 2005 இல் அளந்து வெளியிட்டார்கள். தேன்சிட்டுக்கு அந்த வசதி இல்லை. அது பூங்காம்பில் தொற்றிக்கொண்டுதான் பெரும்பாலும் தேன் குடிக்கும். எட்டாத பூவுக்கு முன் சற்று நேரம் படபடத்து நின்றுவிட்டு மறுபடி காம்பைத் தேடும். செவ்வரத்தையில் பூவின் வாய்க்கே வராமல் அடிப்பகுதியைக் குத்தித் தேனெடுத்துவிட்டுப் போவதையும் உங்கள் வளவிலேயே பார்த்திருப்பீர்கள்.

ஆகவே உங்கள் முருங்கையடியில் காத்திருந்தால் கிளையில் இருக்கும் தேன்சிட்டு தாராளமாகக் கிடைக்கும், அந்தரத்தில் நிற்கும் தேன்சிட்டு அருமையாகத்தான் கிடைக்கும். வீடுகளுக்கு அண்மையில் அதிகம் காணப்படுவது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. முழுதும் கரிய நீலமாக மின்னும் ஊதாத் தேன்சிட்டு ஆணையும் பார்க்கலாம். இனப்பெருக்கக் காலம் முடிந்தபின் அது மங்கி, தொண்டையிலிருந்து வயிறுவரை ஒரு கருங்கோடு மட்டும் எஞ்சி நிற்கும். நீண்டு வளைந்த அலகோடு வருவது லோட்டனின் தேன்சிட்டு. 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்த ஆளுநராக இருந்த லோட்டனின் பெயர் அதற்கு இடப்பட்டிருக்கிறது.

உண்மையான ஒத்திகைக்கு வேறொன்றைச் சொல்கிறேன். பூவின் முன் அசையாமல் நின்று, நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டித் தேன் குடித்து, சடாரென்று பக்கவாட்டில் நகர்ந்து அடுத்த பூவுக்குப் போகும் பெரிய அந்துப்பூச்சி ஒன்றை நம் பக்கங்களில் காணலாம். மக்ரோகுளோசம் என்ற பேரினத்தைச் சேர்ந்தது. கன்னியாப் பக்கத்தில் ஹம்மிங் பறவையைக் கண்டேன் என்று அவ்வப்போது எனக்கு வரும் செய்திகள் எல்லாம் இதைப் பற்றியவைதான். தலையில் உணர்கொம்பு இருக்கிறதா என்று கேட்டவுடன் பேச்சு முடிந்துவிடும். பகலிலும் வரும், பொழுதுபடும் நேரத்திலும் வரும். பொழுதுபடும் நேரத்தில் வெளிச்சம் தானாகவே அடங்கிவிடுவதால், பிளாஷ் மட்டும் படமெடுக்கும் நிலை செலவில்லாமல் கிடைக்கிறது.

ஒரு வேண்டுகோள். ஊதாப்பிட்டத் தேன்சிட்டு விறாந்தைக் கம்பியிலும் தோட்டச் செடியிலும் சிலந்தி நூலால் தொங்குகூடு கட்டும். கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறதே என்று அங்கே பிளாஷை நிறுத்தாதீர்கள். பிளாஷின் ஒளி பறவையின் கண்ணுக்குத் தீங்கா என்பதைவிட, கூட்டருகே ஆள் நிற்பதும், மறைப்பாக இருக்கும் இலைகளை ஒதுக்குவதும், அதைக் காகம் பார்த்துக்கொண்டிருப்பதும் பெரிய தீங்கு. பூவில் எடுப்பவருக்குப் பறவை வராவிட்டால் படம் மட்டுந்தான் போகும். கூட்டில் பறவை வராவிட்டால் குஞ்சு போகும்.

கொட்டியாரக்குடா எழுதியது:

எனக்கு இந்த முயற்சியிலேயே உடன்பாடு குறைவு. நாலு பிளாஷ் வைத்து எடுத்த ஹம்மிங் பறவைப் படங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பின்னணி கறுப்பு, அல்லது பச்சைச் சாயம் பூசிய ஓர் அட்டை. சிறகு விறைத்து நிற்கிறது. ஊசியில் குத்தி அருங்காட்சியகப் பெட்டியில் வைத்த பூச்சியைப் போலிருக்கிறது. செக்கனுக்கு 50 தடவை அடிக்கும் சிறகு நம் கண்ணுக்கு ஒருபோதும் தெரியாது. தெரியாததைத் தெரிய வைத்துவிட்டு அதைப் பறப்பு என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? 1/1000 செக்கனில், காலை வெயிலில், உடல் கூர்மையாகவும் சிறகு கலங்கியும் எடுத்த படத்தில்தான் எனக்குப் பறவை பறக்கிறது. அதோடு அந்தப் படத்தில் இடமும் இருக்கிறது. உவர்மலையில் நின்று எடுத்தால் பின்னால் துறைமுகத்தின் நீலம் வரவேண்டாமா?

வெளிச்சவீடு எழுதியது:

கறுப்புப் பின்னணி பற்றி நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அதற்குக் காரணம் பிளாஷ் அல்ல, தூரம். தூரம் இருமடங்கானால் வெளிச்சம் கால்பங்காகும். பூவிலிருந்து 60 சென்ரிமீற்றரில் பிளாஷை வைத்து, பின்னாலுள்ள வேலி அதே பிளாஷிலிருந்து 5 மீற்றரில் இருந்தால், வேலிக்குக் கிடைப்பது பூவுக்குக் கிடைப்பதில் எழுபதில் ஒரு பங்குதான். ஆகவே பின்னணியை ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் பின்னால் கொண்டுவந்து அதற்கென்று தனியாக ஒரு பிளாஷைக் கொடுக்கவேண்டும். அச்சடித்த பச்சை அட்டைதான் வேண்டும் என்றில்லை. பழைய கிடுகுத் தட்டியோ, வாழை மரமோ நின்றால் போதும். 300 மில்லிமீற்றர் லென்ஸில் அது இதமாகக் கலங்கிவிடும்.

சிறகு உறையக்கூடாது என்ற கட்சியோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தெரியாததைத் தெரிய வைப்பதற்காகத்தான் மனிதர் பிளாஷையே உருவாக்கினார்கள் என்று நினைக்கிறேன். மேல்வீச்சில் சிறகு தலைகீழாகப் புரண்டு நிற்பதை, மழைக்குருவி அக்கா எழுதிய அந்த எட்டு வடிவத்தை, 1/1000 செக்கனில் எடுத்த படம் ஒன்றிலும் காணமுடியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு: ஷட்டரை 1/60 செக்கன் அளவில் வைத்து, பின்னணிக்கு இயற்கை வெளிச்சத்தையே விட்டு, பறவையை மட்டும் நிழலில் வைத்துப் பிளாஷால் எடுக்கலாம். துறைமுகத்தின் நீலம் அப்படித்தான் வரும். பறவை அந்த நீலத்தின் முன் நகர்ந்தால் விளிம்பில் ஒரு கலங்கல் சேரும். அதை விரும்புவதும் வெறுப்பதும் அவரவர் பாடு.

இப்போது ஐயாவுக்கு மிக முக்கியமான விடயம்: நம் ஊர் வெயில். மேகமில்லாத பகலில் சென்சரின் உணர்திறன் ஐஎஸ்ஓ 200, ஷட்டர் 1/200 செக்கன், லென்ஸின் துவாரம் எஃப்/16 என்று வைத்தால், பிளாஷே இல்லாமல் படம் சரியான வெளிச்சத்தில் வந்துவிடும். உங்கள் பிளாஷின் கணக்கையும் பாருங்கள். எஸ்பி-800 இன் வழிகாட்டு எண் ஐஎஸ்ஓ 100 இல், 35 மில்லிமீற்றர் விரிவில், 38 மீற்றர். 1/16 வலுவில் அது நாலில் ஒன்றாகி 9.5, ஐஎஸ்ஓ 200 இல் 13.4. அந்த எண்ணைப் பிளாஷின் தூரத்தால் வகுத்தால் வேண்டிய துவாரம் கிடைக்கும்: பிளாஷை 60 சென்ரிமீற்றரில் வைத்தால் எஃப்/22 வருகிறது. வெளிச்சத்தை மிருதுவாக்க முன்னால் வெள்ளைத் துணி கட்டுவதில் ஒரு ஸ்டொப், அதாவது வெளிச்சத்தில் பாதி, போனால் எஃப்/16. ஆக, வெயிலும் பிளாஷும் சரிக்குச் சரி. படத்தில் 1/10900 செக்கனில் உறைந்த ஒரு சிறகும், 1/200 செக்கன் கலங்கிய இன்னொரு சிறகும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்.

இதைச் சரிசெய்ய ஐஎஸ்ஓவைக் குறைப்பவர்கள் உண்டு, துவாரத்தை இன்னும் மூடுபவர்களும் உண்டு. இரண்டாலும் பயனில்லை, ஏனெனில் இரண்டும் வெயிலையும் பிளாஷையும் ஒரே அளவில் குறைக்கின்றன, விகிதம் மாறுவதில்லை. விகிதத்தை மாற்றுபவை நாலுதான்: ஷட்டர் வேகம், பிளாஷின் வலு, பிளாஷின் தூரம், நிழல். ஷட்டர் ஏற்கனவே 1/200 இல் முட்டிக்கொண்டு நிற்கிறது. வலுவைக் கூட்டினால் நேரம் நீளும். தூரத்தைக் குறைக்க ஓரளவுக்குத்தான் முடியும். மிச்சம் நிழல். பிளாஷ் சுற்று வெளிச்சத்தைவிட ஐந்து ஸ்டொப் மேலே நிற்கவேண்டும், அதாவது முப்பத்திரண்டு மடங்கு. திறந்த நிழல் மூன்று ஸ்டொப் அளவே தரும், போதாது. பூவுக்கு மேலேயும் வெயில் வரும் பக்கத்திலும் தறப்பாள் கட்டுங்கள், அல்லது கிடுகுத் தட்டியைச் சாய்த்து வையுங்கள். காலையில் வெயில் ஏறுமுன் எடுங்கள். பிளாஷ்களை அணைத்துவிட்டு அதே அமைப்பில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். சட்டகம் முழுக் கறுப்பாக வந்தால் வேலை சரி. பூவின் உருவம் மங்கலாகவேனும் தெரிந்தால் தறப்பாள் போதவில்லை.

எத்தனை பிளாஷ் என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றால் தொடங்கலாம், ஆனால் அது ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும். முன்னால் இரண்டு, பின்னால் சாய்வாக ஒன்று, பின்னணிக்கு ஒன்று என்பது நல்ல அமைப்பு. முன்னால் உள்ள இரண்டும் ஒரே இடத்தை நோக்குவதால் ஒவ்வொன்றையும் 1/32 இல் வைத்து 1/16 இன் வெளிச்சத்தைப் பெறலாம், நேரம் 1/17800 ஆகவே இருக்கும். பிளாஷ்களைப் பெருக்குவது வெளிச்சத்தைக் கூட்டுவதற்கு என்பதைவிட நேரத்தைக் கூட்டாமல் இருப்பதற்கு என்று வைத்துக்கொள்ளலாம். எஃப்/16 இல், இரண்டு மீற்றர் தூரத்தில், உங்கள் லென்ஸுக்குக் கூர்மை மூன்றரை சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நிற்கும். இரு சிறகும் விரிந்த பறவைக்கு அதுவே போதாமல் போகலாம், ஆகவே எஃப்/8 க்கு இறங்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்காபரோவாசல் எழுதியது:

நான் மூதூரில் பிறந்து இப்போது ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருப்பவள். இங்கே அவை மே மாதத்தில் வரும், செப்ரெம்பர் முடிவதற்குள் போய்விடும். ஆகவே ஐயா யூனில் வருவது நல்ல காலம். குவளைக்கு வெள்ளைச் சீனி ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு. தேன், சர்க்கரை (வெல்லம்), சிவப்புச் சாயம் எதுவும் வேண்டாம். வெயில் நாட்களில் இரண்டு மூன்று நாளைக்கொரு தடவை கழுவி மாற்றாவிட்டால் புளித்துப் பூஞ்சணம் பிடித்துவிடும்.

படத்துக்கு உதவும் பழக்கம் ஒன்று சொல்கிறேன். குவளையில் பல துளைகள் இருக்கும். கமராவுக்குப் பக்கவாட்டாக வரும் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை ஒட்டிவிடுங்கள். பறவை குடித்துக்கொண்டே இருப்பதில்லை. ஒரு மிடறு குடித்துவிட்டு ஒரு சாண் பின்வாங்கி, அந்தரத்தில் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, மறுபடி வரும். அந்தப் பின்வாங்கும் இடத்தில் குவியத்தைப் பூட்டி வைத்திருங்கள். குவளை சட்டகத்துக்கு வெளியே போய்விடும், பறவை மட்டும் இருக்கும். குவளையில் காலூன்றும் கம்பி இருந்தால் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அமர்ந்தே குடிக்கும். மூன்று கிராம் எடையுள்ள உடலுக்கு அடிக்கடி தீனி வேண்டும் என்பதால், அவ்வளவு ஆயத்தமும் குவளையை எடுக்காமலே செய்யவேண்டும். முக்காலியையும் பிளாஷ் தாங்கிகளையும் முதல் நாளே நட்டுவிட்டால் மறுநாள் காலை அவை பழகியிருக்கும். எங்கள் வளவில் பிளாஷ் அடித்தபோது பறவைகள் அவ்வளவாகக் கலங்கவில்லை. கதவு திறக்கும் சத்தத்துக்குத்தான் ஓடின.

ஆணின் தொண்டைச் சிவப்பு பற்றி யாரும் எழுதவில்லையே. அது சாயத்தால் வரும் சிவப்பு அல்ல. இறகுக்குள் அடுக்கடுக்காக இருக்கும், உள்ளே காற்று நிரம்பிய மெலனின் தகடுகளில் ஒளி பட்டுத் திரும்பும்போது பிறக்கும் நிறம் அது. திரும்பும் திசையில் லென்ஸ் இல்லாவிட்டால் தொண்டை வெறும் கறுப்பு. பிளாஷ்கள் இரண்டையும் இரு பக்கத்துக்கு ஒதுக்கினால் சிறகு அழகாக வரும், தொண்டை செத்துப்போகும். ஒன்றையாவது லென்ஸை ஒட்டி, அதற்குச் சற்று மேலே வையுங்கள்.

உவர்மலைவாசி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. விசிறிப் பரிசோதனையைச் செய்து பார்த்தேன். கடதாசித் துண்டில் எழுதியது 'திருமலை' என்ற சொல். 1/4 வலுவில் அது ஒரு சாம்பல் கோடு. 1/16 இல் எழுத்துகள் இருப்பது தெரிந்தது. 1/32 இல் வாசிக்க முடிந்தது, லை என்பதன் கொம்பு மட்டும் கொஞ்சம் தடித்திருந்தது. 1/64 இல் பேனா மையின் விளிம்பே தெரிந்தது. இனி அட்டவணையை மனப்பாடம் செய்யவேண்டியதில்லை.

இரவலாகக் கிடைத்த வேறு பிளாஷ் ஒன்றையும் வைத்து முற்றத்துக்கு வந்தேன். அது கம்பியில்லாமல், முதல் பிளாஷின் ஒளியைக் கண்டு தானும் அடிக்கும் வகை. அந்துப்பூச்சி உண்ணிச்செடிக்கு வந்தது. இரண்டு பிளாஷும் அடிப்பதைக் கண்ணால் பார்க்கிறேன், படத்தில் ஒன்றின் வெளிச்சந்தான் இருக்கிறது. இது ஏன்? கச்சான் காற்றில் பூக்கொத்து ஆடுவதற்கும் ஏதாவது வழி உண்டா?

கலியாணக்கமரா எழுதியது:

ஐயா, இது எனக்குத் தெரிந்த இடம். கமராவில் இருக்கும் பிளாஷை தன்னியக்க அளவீட்டில் விட்டிருப்பீர்கள். அது உண்மையான ஒளிக்கு முன், வெளிச்சத்தை அளப்பதற்காகச் சின்னதாக ஒரு முன்னொளி அடிக்கும். இரவல் பிளாஷ் அந்த முன்னொளியைக் கண்டே அடித்து ஓய்ந்துவிடுகிறது; ஷட்டர் திறக்கும்போது அதற்கு வேலை முடிந்துவிட்டது. இரண்டையும் கைமுறைக்கு மாற்றுங்கள். எப்படியும் இந்த வேலைக்குக் கைமுறைதான் வேண்டும், தன்னியக்கத்தில் விட்டால் அதுவாக வலுவைக் கூட்டிச் சிறகைக் கலக்கிவிடும். வெயிலில் ஒளியைக் கண்டு அடிக்கும் வகை அடிக்கடி தவறும், ஆகவே ரேடியோ ட்ரிகர் ஒரு சோடி வாங்குவது நல்லது. கடற்காற்றில் பிளாஷின் அடிப்பாகத்திலுள்ள தொடுமுனைகள் பச்சை பிடித்தாலும் இப்படி விட்டுவிட்டு அடிக்கும். என்னிடம் வருபவற்றில் பாதிக்கு அதுதான் நோய். அழிறப்பரால் தேய்த்துப் பாருங்கள்.

மழைக்குருவி எழுதியது:

கச்சான் நாட்களில் வெயில் ஏறியபின் பூ நிற்காது. விடிந்து முதல் இரண்டு மணித்தியாலம் எடுங்கள், அல்லது வீட்டின் கிழக்குப் பக்கத்தில் காற்று மறைவில் நிற்கும் செடியைத் தேர்ந்துகொள்ளுங்கள். கொத்தை நூலால் கட்டுவதானால் பூவுக்கு ஒரு முழம் கீழே, தண்டில் கட்டுங்கள். பறவை தொற்றும் இடத்தில் நூல் இருக்கக்கூடாது, கால் சிக்கிக்கொள்ளும்.

ஸ்காபரோவாசல் எழுதியது:

வரும்போது பற்றரி ஏற்றியையும் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா. அங்கே 230 வோல்ற்று, இங்கே 120. ஏற்றியின் பின்புறத்தில் 100 முதல் 240 வரை என்று போட்டிருந்தால் முனையை மட்டும் மாற்றினால் போதும்; 230 என்று மட்டும் இருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள், மகளிடம் சொல்லி இங்கே ஒன்று வாங்கிக்கொள்ளலாம். பற்றரிகளைக் கைப்பையில் கொண்டுவாருங்கள். 1/32 வலுவில் ஒரு தொகுதி பற்றரி காலை முழுவதும் தாங்கும்.

உவர்மலைவாசி எழுதியது:

ஏற்றியில் 220 முதல் 240 வரை என்றுதான் இருக்கிறது. மகளுக்கு இன்றே எழுதிவிடுகிறேன். கைமுறைக்கு மாற்றியதும் இரண்டு பிளாஷும் படத்தில் வருகின்றன. தறப்பாளை நாளைக் காலை கட்டுகிறேன்.